முன்பு சொன்ன தேதி

அந்த அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு எந்தத் தெருவும் தாமதமாக இருக்காது.

ஞாயிறு வரை முப்பது நாற்பது தெருக்கள் பின்தங்கிக் கிடக்கும். பள்ளம் தோண்டியிருப்பார்கள், குழாய் வந்திருக்காது. குழாய் வந்திருக்கும், மூட ஆள் வந்திருக்காது. திங்கள் காலை அட்டவணைக்காரர் வந்து, நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காருவார். தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டிய இருநூற்றுப் பதினான்கு தெருக்களும் அவருடைய திட்ட மேலாண்மை மென்பொருளில் தெருவுக்கு ஒரு வரியாக இருந்தன. பிந்திய வரிகளுக்குப் புதுத் தேதி போடுவார். பிறகு ‘இதையே அடிப்படைத் திட்டமாகச் சேமி’ என்ற பொத்தானை அழுத்துவார். சிவப்பாக இருந்ததெல்லாம் பச்சையாகிவிடும். தாமதம் என்பது திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி. நடப்பை மாற்ற முடியாதவர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கு அங்கே ‘பச்சை போடுவது’ என்று பெயர். “பச்சை போட்டாச்சா?” என்று திட்ட மேலாளர் தன் அறையிலிருந்து குரல் கொடுப்பார். “போட்டாச்சு சார்” என்று பதில் போகும். அதற்குப் பிறகுதான் தேநீர் வரும். யாரும் இதை மோசடி என்று நினைக்கவில்லை. மேசை துடைப்பதைப் போல ஒரு காலை வேலை, அவ்வளவுதான். நெடுநாள் செய்த தவறுக்குப் பழக்கத்தின் முகம் வந்துவிடுகிறது. பிறகு அதைத் தவறு என்று சொல்பவர்தான் முறை தெரியாதவர்.

அங்கே முறை தெரியாதவர் என்ட்ரி அக்கா.

ஒன்பது வருடத்துக்கு முன் டேட்டா என்ட்ரிக்கு ஆள் தேவை என்று எடுத்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு அவராகவே படித்து, நிரல் எழுதக் கற்று, அலுவலகத்தின் எல்லா அறிக்கைகளையும் செய்பவராக ஆனார். நாற்காலி மாறியது, பெயர் மாறவில்லை. வேலை இன்னும் வருட ஒப்பந்தம்தான். ஒவ்வொரு ஜூன் முப்பதாம் தேதியும் முடியும், ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பிக்கப்படும்.

அவரைப் பற்றி நல்லதாக எதையும் சொல்வதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடலாம். யாராவது “ஒரு முப்பது இருக்கும்” என்றால் “முப்பதா, முப்பத்தொண்ணா?” என்று கேட்பார். பிறந்தநாள் கேக் வெட்டும்போது தலை நிமிர மாட்டார். ஒரு குக்கர் மூடியின் விஷயமாகத் தன் நாத்தனாரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். மூடி யாருடையது என்பதில் அக்கா சொன்னதுதான் சரி. இரண்டு வருடம் பேசாமல் இருந்தது சரியா என்பது வேறு கேள்வி.

அந்த மே மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுமக்கள் தங்கள் தெருவின் நிலையை இணையத்தில் பார்க்க வேண்டும். தெரு, தொடங்கும் தேதி, முடியும் தேதி, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

“வாராவாரம் எக்செல்ல எடுத்து ஏத்திடுங்க. அரை மணி நேர வேலை.”

“யார் சார் எடுப்பா?”

“அட்டவணைக்காரர் எடுத்துத் தருவார்.”

“அவர் எடுத்துத் தந்தா அது அவர் சொல்ற கதை. டேட்டாபேஸ்ல இருந்து நேரா எடுத்தா அதுவே சொல்ற கதை.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணுன்னா நேராவே எடுத்துடறேன் சார்.”

மேலாளர் தலையாட்டினார். டேட்டாபேஸைத் தொட ஒரு கணக்கையும் கொடுத்தார். “படிக்க மட்டும்தான். ஒரு புள்ளிகூட மாத்த முடியாது.”

“மாத்தறது என் வேலை இல்ல சார்.”

மென்பொருள் தன் தகவலை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் பூட்டி வைத்திருந்தது. இணையப் பக்கம் வேறொரு கணினியில், வேறொரு மொழியில் எழுதப்படுவது. இரண்டுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. நடுவில் டிரைவர் என்ற சிறு நிரல் ஒன்று வேண்டும். இவர் கேட்பதை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, பதிலை வாங்கி வரும் துபாஷி அது. நல்ல துபாஷிக்கு வேண்டிய குணம் ஒன்றே ஒன்று: நடுவில் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் இருப்பது. மனிதர்களிடம் அது அபூர்வம். அக்காவுக்கு டிரைவரைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் முதல் மூன்று நாள் துபாஷி வாயைத் திறக்கவில்லை. நிறுவியிருந்தது முப்பத்திரண்டு பிட் டிரைவர். பக்கம் ஓடியதோ அறுபத்துநான்கு பிட்டில். பக்கம் டிரைவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்படி ஒரு தகவல் மூலமே கிடையாது என்று திரும்பத் திரும்பச் செய்தி வந்தது.

“இல்லையாமே!” என்றார் அக்கா திரையைப் பார்த்து. “பீரோவுக்குள்ள உக்காந்துக்கிட்டு வீட்டுல ஆள் இல்லைன்னு கத்துறான்.”

நான்காம் நாள் சரியான டிரைவர் கிடைத்து, இணைப்பு வந்தது. வந்ததும் ஒரு பிழை. மென்பொருள் வேலையின் அளவை நாளாக வைக்காமல் நிமிடமாக வைத்திருந்தது. அக்கா நாளுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிடம் என்று வகுத்தார். ஒரு தெருவின் முப்பது நாள் வேலை பத்து நாள் என்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஆனால் அந்தத் தெருவுக்கு முப்பது என்று ஒருகாலத்தில் தட்டியவை அவருடைய விரல்களே. “ராத்திரி பகலா எவன் பள்ளம் தோண்டறான்?” என்று தன்னையே திட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம், நானூற்று எண்பது நிமிடம் என்று திருத்தினார். பக்கம் சோதனைக்காகத் திறக்கப்பட்டது. மக்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அக்கா டேட்டாபேஸில் வேறொன்றைக் கண்டார். மென்பொருளின் திரையில் எங்கும் தெரியாத ஓர் அட்டவணை. பச்சை போடும் பொத்தான் எதையும் அழித்திருக்கவில்லை. புதியதை முன்னால் வைத்துவிட்டுப் பழையதைப் பின்னறைக்குத் தள்ளியிருந்தது. நூற்றுப் பதினெட்டு திங்கட்கிழமைகள் வரிசையாக அங்கே நின்றன.

பார்த்துவிட்டு மூடிவிட்டார். அதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிடும் வரை.

புகார்த் தொலைபேசி அக்காவின் மேசையில்தான் இருந்தது. மற்றவர்கள் மேசையில் வைத்தால் அது அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால். கூப்பிட்டவர் ஒரு தையல்காரர். அவர் கடையும் வீடும் ஒரே கட்டடத்தில், பள்ளத்தின் விளிம்பில்.

“எங்க தெருவை எப்பங்க மூடுவீங்க?”

“ஜூன் பதினாலுன்னு இருக்கும்மா.”

“அது உங்க பக்கத்துலயே பாத்தேன். போன மாசம் மே இருபதுன்னீங்க. அதுக்கு முன்னாடி ஏப்ரல் பத்துன்னீங்க. எங்கப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நாற்காலியோட தூக்கி ஒத்தைப் பலகை மேல கடக்கிறோம். போன வாரம் பலகை வழுக்கி என் தம்பி முழங்கால் பேந்துபோச்சு. அப்பா நல்லவேளை விழல.”

“வேற எங்கயாவது வச்சுக்க முடியாதாம்மா?”

“அண்ணன் வீட்டுல வச்சுக்கலாம். அண்ணி ‘இன்னும் ரெண்டு வாரம்தானே, சமாளி’ங்கிறா. உங்க பக்கத்தைத் திறந்து காட்டி ‘பாரு, ஆபீஸே போட்டிருக்கு’ங்கிறா. நான் சொன்னா பொய், நீங்க போட்டா வேதம். மூணு மாசமா இந்த ரெண்டு வாரம் முடியவே மாட்டேங்குது!”

அக்கா பின்னறை அட்டவணையைத் திறந்து பார்த்தார். அந்தத் தெருவின் தேதி ஏழு முறை மாறியிருந்தது. அதைச் சொன்னார். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

“என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? அண்ணி கண்ணுக்குத் தெரியுற மாதிரி போடுங்க.”

அன்று மாலைக்குள் பக்கத்தில் ஐந்தாவது கட்டம் வந்தது. தலைப்பு: ‘முன்பு சொன்ன தேதி.’

மறுநாள் மதியத்துக்குள் அது போய்விட்டது. போவதற்கு முன் நடந்தது இது. மேலாளர் தன் அறைக் கதவைச் சாத்தினார். சாத்தினாலும் அந்தக் கதவின் மேல்பாதியில் கண்ணாடி கிடையாது. எல்லோருக்கும் கேட்டது.

“இந்தக் கட்டத்தை யார் கேட்டா?”

“தெருவுல இருக்கிறவங்க.”

“மேலிடம் கேட்டது நாலு. நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க.”

“அஞ்சாவது பொய்யா சார்?”

“பொய்யின்னு நான் சொன்னேனா? தேவையில்லாத உண்மை.” மேலாளர் குரலைத் தணித்தார். “பாருங்கம்மா, தேதி மாறும். மழை வரும், ஜல்லி வராது. எந்தத் திட்டம்தான் சொன்ன நாள்ல முடிஞ்சிருக்கு?”

“மாறட்டும் சார். மாறறதுல ஒரு கேவலமும் இல்ல. மாறவே இல்லைங்கிற மாதிரி மூஞ்சி வச்சுக்கறதுதான் கேவலம். போன தேதி தெரிஞ்சாத்தான் இந்தத் தேதியை எவ்வளவு நம்பலாம்னு அவங்களுக்குத் தெரியும்.”

“எடுத்துடுங்க.”

“எழுதிக் குடுங்க, எடுத்துடறேன்.”

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். திரும்ப மூடினார். அவர் கொடியவர் அல்ல. மேலிடத்துக்குப் பச்சை மட்டும் காட்டியே முடி நரைத்தவர். சிவப்பு என்று ஒருமுறை சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் ஒருமுறையும் சொன்னதில்லை.

“உங்க ஒப்பந்தம் இந்த முப்பதாம் தேதி முடியுதுல்ல?”

“ஆமா சார். அந்தத் தேதி மட்டும் இன்னும் ஒரு தடவைகூட மாறல.”

வெளியே யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் ஏற்பாடு முடிந்தது. பக்கம் இனி அட்டவணைக்காரர் பொறுப்பு. ஐந்தாவது கட்டத்தை அவர் எடுத்துவிட்டார். அக்கா பழைய நாற்காலிக்கு, பதிவுப் பிரிவுக்கு. சன்னல் இல்லாத மூலை, ஒரு கால் ஆடும் மேசை, ‘க’ எழுத்து தேய்ந்த விசைப்பலகை, கூடவே புகார்த் தொலைபேசி. திங்கள்தோறும் அட்டவணைக்காரர் பட்டியல் தருவார். தேதிகளை அக்கா தட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு அவர் பச்சை போடுவார்.

அன்று மாலை வீட்டில் அவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக், கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“மறுபடியும் என்ட்ரியா? பேருக்கேத்த வேலை குடுத்துட்டாங்க போ.”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கலம்மா. பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு. கொஞ்சம் வளைஞ்சு போனா என்ன? ஒரு கட்டம்தானே?”

“உங்க லிஃப்ட் நாலாவது மாடியில நிக்குது, ஏழாவது மாடிக் கதவுப் போர்டுல ஏழுன்னு காட்டுது. ஒரு நம்பர்தானேன்னு விட்டுட்டு வருவீங்களா?”

“கதவைத் திறந்தா விழுந்து செத்துடுவான். அது வேற.”

“பலகை வழுக்கினா அந்தப் பெரியவரும் விழுவார். என்ன வேற?”

அவர் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். “சரி தாயே. உன்கிட்ட வாயைக் குடுத்து நான் ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேரா செய். ஒளிச்சுக் கிளிச்சு வைக்காதே.”

“அது எனக்கு வரவும் வராது” என்றார் அக்கா.

திங்கட்கிழமை பழைய நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தரப்பட்ட புதுக் கணக்கில் நுழைந்தார். அதில் இரண்டு அனுமதிகள் இருந்தன: படிக்க, எழுத. பதிவுப் பிரிவுக்கு எழுதும் உரிமை இல்லாமல் எப்படி? ஒரு புள்ளிகூட மாற்ற முடியாதபடி உட்கார வைத்திருந்த ஆளை இறக்கி, இருநூற்றுப் பதினான்கு தெருக்களின் மேல் பேனாவைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

பதிவுத் திரையின் அடியில் ஒரு கட்டம் எப்போதும் காலியாகவே கிடந்தது: குறிப்பு. அக்கா மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். மூன்று வருடத்துக்கு முன், தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்று அவசரமாகப் போட்ட சுற்றறிக்கை அங்கேயே இருந்தது. தட்டச்சு செய்தவர் அக்காவே. விதி பன்னிரண்டு: ‘தேதி மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் முந்தைய தேதி, காரணம், மாற்றச் சொன்னவரின் பதவி ஆகிய மூன்றும் குறிப்பில் பதிவு செய்யப்பட வேண்டும்.’ கீழே மேலாளரின் கையெழுத்து. தணிக்கைக்காரர்கள் போன நாளிலிருந்து யாரும் அதைப் பார்க்கவில்லை.

அட்டவணைக்காரர் பட்டியலோடு வந்தார். முப்பத்தேழு தெருக்கள்.

“அக்கா, பத்தேகாலுக்குள்ள ஏத்திடுங்க. பச்சை போடணும்.”

“குறிப்பும் எழுதணும் தம்பி. காரணம் சொல்லு.”

“அது எப்பவும் காலிதானே?”

“இனிமே இருக்காது. விதி பன்னெண்டு, இந்தா படி. நீ பொறுப்பு பாக்கிற பக்கத்துலயும் குறிப்புக் கட்டம் இருக்கு. அங்கேயும் தெரியும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

“எழுதுங்க, யாரு படிக்கப் போறா? காரணத்துக்கு நான் எங்க போறது? சார் மாத்தச் சொன்னார், மாத்தினேன்.”

“அதையே போட்டுக்கறேன்.”

தட்டத் தொடங்கினார். ‘முந்தைய தேதி’ என்றுதான் விதி சொன்னது. ஒன்று போதும் என்று சொல்லவில்லை. அக்கா பின்னறை அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்து எல்லாவற்றையும் போட்டார். ஜூன் பதினாலு இப்போது ஜூலை ஐந்தாகியிருந்த தையல்காரர் தெருவுக்கு எட்டுத் தேதிகள். காரணம்: தெரிவிக்கப்படவில்லை. மாற்றச் சொன்னவர்: திட்ட மேலாளர்.

பத்தே கால் ஆனது. “பச்சை போட்டாச்சா?”

“இன்னும் இல்ல சார். அக்கா குறிப்பு எழுதறாங்க.”

“என்ன குறிப்பு?”

அட்டவணைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஆனது. தேநீர் வரவில்லை. அந்த அலுவலகத்தின் நினைவில் முதல் தடவையாகப் பச்சை பன்னிரண்டு இருபதுக்கு விழுந்தது. விழுந்த கையோடு டிரைவர் தன் வேலையைச் செய்தது. கேட்டதை எடுத்தது, எடுத்ததைக் கொடுத்தது. முப்பத்தேழு தெருக்களின் வரலாறு இணையப் பக்கத்தில் வந்து நின்றது.

இரண்டு மணிக்கு மேலாளர் பதிவுப் பிரிவுக்கே நடந்து வந்தார். அந்த மூலைக்கு அவர் வந்து வருடக்கணக்கு ஆகியிருக்கும். ஆடும் மேசையில் கை ஊன்றித் தடுமாறினார்.

“முப்பத்தேழு இடத்துல என்னைப் போட்டு வச்சிருக்கீங்க!”

“உங்க பேரைப் போடல சார். பதவிதான். விதியில அப்படித்தான் இருக்கு.”

“எந்த விதி?”

அக்கா தாளைத் திருப்பி வைத்தார். மேலாளர் தன் கையெழுத்தையே பார்த்தார்.

“இது தணிக்கைக்காகப் போட்டது.”

“கையெழுத்து நெஜம்தானே சார்?”

“அழிங்க.”

“தாராளமா. விதியை ரத்து பண்ணி ஒரு சுற்றறிக்கை போடுங்க. நகல் மேலிடத்துக்குப் போகணும். அது விதி பதிமூணு.”

“நீங்க பழி வாங்கறீங்க.”

“இல்ல சார். என்ட்ரி போடறேன்.”

மேலாளர் சட்டைப்பையில் பேனாவைத் தொட்டார். எடுக்கவில்லை. போய்விட்டார்.

தையல்காரர் புதன்கிழமை கூப்பிட்டார். நன்றி சொல்லவில்லை. “எட்டுத் தடவையா! வெக்கமா இல்லையா உங்க ஆபீஸுக்கு?” என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் விளாசினார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், “அண்ணிகிட்ட காட்டினேன். படிச்சுட்டு முன் ரூமை ஒழிச்சுக் குடுத்தா. அப்பாவை நேத்தே கொண்டுபோயாச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதனால் குழாய்கள் விரைந்து வந்துவிடவில்லை. பள்ளங்கள் பள்ளங்களாகவே இருந்தன. அடுத்த திங்கள் பட்டியலில் இருபத்திரண்டு தெருக்கள் இருந்தன, நான்குக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் ‘ஜல்லி வரவில்லை’ என்று காரணம். நான்கு என்பது பெரிய எண் அல்ல. ஆனால் அதற்கு முன் அது பூஜ்யமாக இருந்தது.

ஜூன் முப்பதாம் தேதி மேலாளர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். ஒப்பந்தத் தாளை மேசை மேல் தள்ளினார். பன்னிரண்டு மாதம் என்று எப்போதும் இருக்கும் இடத்தில் மூன்று மாதம் என்று இருந்தது.

“இந்தத் தடவை இப்படித்தான். விருப்பம்னா போடுங்க” என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

அக்கா முழுவதையும் படித்தார், பின்பக்கம் உட்பட. கணவரையும் மகளையும் நினைத்திருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை வைக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே, ஓரத்தில், நிதானமாக எழுதத் தொடங்கினார்.

“என்ன எழுதறீங்க?”

“குறிப்பு சார்.”

தாள் திரும்பி வந்தது. ‘முன்பு சொன்னது: பன்னிரண்டு மாதம். காரணம்: தெரிவிக்கப்படவில்லை. மாற்றச் சொன்னவர்:’

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அக்கா மூடி கழற்றியிருந்த தன் பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

“அதை மட்டும் நீங்களே நிரப்பிடுங்க சார்.”